டயர் விளக்கு எரிகிறதா? ரீசெட் பண்ணும் முன் அளந்து பாருங்கள்

வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மீட்டருக்குள் மஞ்சளாக ஒரு குறி முளைக்கிறது. மேல்பக்கம் திறந்த லாடம் மாதிரி ஒரு வளைவு, அடியில் பல் பல்லாகக் கோடுகள், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. டயரைக் குறுக்கே வெட்டினால் தெரியும் தோற்றம்தான் அந்தப் படம். டயரில் காற்று குறைவு என்று சொல்லும் எச்சரிக்கை விளக்கு அது. இதைப் பார்த்ததும் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான்: ஓரம் கட்டி, இறங்கி, நாலு டயரையும் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, ‘நல்லாத்தானே இருக்கு’ என்று மறுபடி ஏறிக்கொள்வது. அடுத்த வாரம் விளக்கை அணைக்க ரீசெட் பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடுவது.

தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரேடியல் டயரின் பக்கச்சுவர் மெத்தென்று இருக்கும். காற்று சரியாக இருக்கும்போதே அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும். 32 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) உள்ள டயரையும் 25 உள்ள டயரையும் அருகருகே வைத்தால் பழகின கண்ணே தடுமாறும். அதனால் கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் முதல் தேவை ஒரு பிரஷர் கேஜ், அதாவது டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் கருவி. வண்டியிலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கேஜையே எப்போதும் பயன்படுத்துங்கள்; காற்று அடிக்கும் இடங்களில் இருக்கும் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டுவது சாதாரணம்.

இரண்டாவது தேவை, உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்ற எண். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம். முன் டயருக்கு ஓர் எண், பின் டயருக்கு ஓர் எண், முழுப் பாரம் ஏற்றினால் வேறு எண் என்று அதில் போட்டிருப்பார்கள். டயரின் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அடிக்காதீர்கள். அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம் அது. உங்கள் வண்டிக்குச் சொன்னது கிடையாது. ஸ்டிக்கரில் பார் என்றோ கிலோபாஸ்கல் என்றோ இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை: 2.2 பார், 220 கிலோபாஸ்கல், 32 பிஎஸ்ஐ மூன்றும் ஏறக்குறைய ஒன்றே.

அந்த எண் குளிர்ந்த டயருக்கானது. வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தைக் கோட்டைவிடுவதால் வரும் குழப்பமே பாதி.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

டயர் அழுத்தத்தைக் கண்காணிக்க இரண்டு முறைகள் உண்டு. நேரடி முறையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், பெரும்பாலும் வால்வின் அடியிலேயே, பேட்டரியோடு கூடிய ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். அது காற்றை அளந்து ரேடியோ மூலம் வண்டிக்குச் சொல்லும். மறைமுக முறையில் சக்கரத்துக்குள் அழுத்த சென்சார் கிடையாது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக சென்சார்களை வைத்தே கணக்குப் போடும். காற்று குறைந்த டயரின் சுற்றளவு ஒரு நூல் குறையும்; அதனால் அது மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுழலும். அந்த வித்தியாசம் எல்லை மீறினால் விளக்கு.

திரையில் ஒவ்வொரு டயருக்கும் எண் காட்டினால் உங்களுடையது நேரடி முறை. எண் எதுவும் இல்லாமல் விளக்கும் ரீசெட் வசதியும் மட்டும் இருந்தால் அநேகமாக மறைமுக முறை. உரிமையாளர் கையேட்டில் ஒரு நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம். இது தெரியாமல் கீழே போகாதீர்கள். ஒன்றுக்குச் சொல்வது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எரிந்தது

முதலில் கையில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, பின்பக்கம் ஆடுகிறதா, தப் தப் என்று சத்தம் வருகிறதா? அப்படியென்றால் காற்று வேகமாக இறங்குகிறது. பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, வேகம் தானாகக் குறைந்ததும் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள். காற்றே இல்லாத டயரில் ‘அடுத்த கடை வரைக்கும்தானே’ என்று உருட்டிக்கொண்டு போனால் பக்கச்சுவர் உள்ளுக்குள் அரைபட்டு ரப்பர் தூளாக உதிரும். பத்து நிமிடத்தில் பஞ்சர் போட்டு முடிந்திருக்கக் கூடியது, புது டயர் வாங்குவதில் போய் முடியும்.

வண்டி எப்போதும் போல ஓடுகிறது, விளக்கு மட்டும் எரிகிறது என்றால் பதற்றம் வேண்டாம், ஆனால் நாளைக்கு என்று தள்ளவும் வேண்டாம். வேகத்தைக் குறைத்து, நிறுத்த முடிந்த முதல் இடத்தில் நான்கையும் அளங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஐந்தாறு பிஎஸ்ஐ குறைவாக இருந்தால் அதில்தான் கசிவு. ஆணி குத்தியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் பிடுங்கிவிடாதீர்கள்; பெரும்பாலும் அந்த ஆணியேதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். அடித்த காற்று பத்து நிமிடத்தில் கண்ணெதிரே இறங்கினால் ஓட்டுவதை விட்டு ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தால் பஞ்சர் எதுவும் இல்லை. நீங்கள் பல மாதமாகக் காற்றே பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஓட்டை இல்லாத நல்ல டயரே மாதம் ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ இழக்கும். ரப்பர் வழியாகக் காற்று மெதுவாக ஊறிப் போய்க்கொண்டே இருக்கும்.

காலையில் எரிகிறது, கொஞ்ச தூரம் போனால் அணைந்துவிடுகிறது

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். ‘தானாகவே சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடுவார்கள், அல்லது ‘சென்சார் கிறுக்குப் பிடித்துவிட்டது’ என்பார்கள். இரண்டும் தப்பு. சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும், சூடானால் ஏறும். எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரி வெயிலில் 32 பிஎஸ்ஐ அடித்தீர்கள் என்று வையுங்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை. உண்மையில் டயருக்குள் இருப்பது 32-உடன் வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்து 46.7. இரவில் வெப்பம் 10 டிகிரிக்கு இறங்கினால் இந்த மொத்தம் 43.6-க்கு வந்துவிடும். கேஜில் 29-க்குச் சற்றுக் கீழே. ஒரு மூலக்கூறுகூட வெளியே போகாமலேயே மூன்று பிஎஸ்ஐ காணாமல் போயிற்று. மனதில் வைத்துக்கொள்ள, 10 டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ.

இந்த மூன்று பிஎஸ்ஐ மட்டுமே விளக்கை எரிய வைக்காது. ஆனால் ஆரம்பத்திலேயே 28-தான் இருந்தது என்றால், அதே குளிரில் 25-க்கு வந்துவிடும். அங்கேதான் எல்லைக்கோடு இருக்கும். அமெரிக்காவின் விதிப்படி, ஸ்டிக்கரில் உள்ள அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை வந்தாக வேண்டும். 32-க்கு அது 24. உற்பத்தியாளர்கள் கொஞ்சம் மேலேயே வைத்துக்கொள்வதும் உண்டு. காலையில் 25-இல் கிளம்புகிறீர்கள், விளக்கு எரிகிறது. இருபது நிமிடம் ஓடியதும் டயர் நெகிழ்ந்து நெகிழ்ந்து சூடாகி மூன்று நான்கு பிஎஸ்ஐ ஏறுகிறது, விளக்கு அணைகிறது. மறுநாள் காலை மறுபடியும்.

ஆக, விளக்கு அணைந்தது என்றால் டயர் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று குறைவாகவே இருக்கிறது, சூடு அதை மறைக்கிறது. செய்ய வேண்டியது: காலையில், வண்டியை எடுக்கும் முன், குளிர்ந்த நிலையில் அளந்து ஸ்டிக்கர் எண்ணுக்கு நிரப்புவது. குளிர்காலம் தொடங்கும்போது ஒருமுறை, வெயில் ஏறத் தொடங்கும்போது ஒருமுறை கட்டாயம் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு பிழையும் உண்டு. நெடுந்தூரம் ஓடி வந்து டயர் கொதிக்கும்போது அளக்கிறீர்கள்; 36 காட்டுகிறது. ‘அடடா, நாலு கூடுதல்’ என்று வால்வுக்குள் இருக்கும் ஊசியை (பின்) அழுத்தி 32-க்கு இறக்கிவிடுகிறீர்கள். மறுநாள் காலை அது 28. விளக்கை நீங்களே வரவழைத்துக்கொண்டீர்கள். சூடான டயரிலிருந்து காற்றை எடுக்கவே கூடாது. குறைவாக இருந்தால் சூட்டிலும் நிரப்பலாம், பிறகு குளிர்ந்ததும் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

மலையிலிருந்து இறங்கும்போதும் இதே மாதிரி ஒரு வேடிக்கை நடக்கும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் மூன்று பிஎஸ்ஐ போலக் குறைவு. அங்கே 32 அடித்துவிட்டுக் கீழே வந்தால், வெப்பம் மாறவில்லை என்றால், கேஜ் 29 காட்டும். பொதுவாகக் கீழே வெயில் அதிகம் என்பதால் பாதி ஈடுகட்டிவிடும். ஆனாலும் இறங்கிய மறுநாள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குளிர்ந்தால் சுருங்கும் விதி அதற்கும் உண்டு. கசிவது சற்றுக் குறையலாம், ஈரப்பதம் இருக்காது. விளக்குப் பிரச்சினைக்கு அது மருந்து இல்லை.

நிரப்பினேன், நாலைந்து நாளில் மறுபடி எரிகிறது

இது மெதுவான கசிவு. என் வண்டியிலேயே முன்பக்க இடது டயர் இப்படித்தான் படுத்தியது. காற்று அடித்த நாலாவது நாள் விளக்கு வந்துவிடும். ஒரு இடத்தில் காட்டினேன். டயரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘ஆணி ஒண்ணும் இல்லை சார், சென்சார் போயிருச்சு, மாத்திடலாம்’ என்றார்கள். நல்லவேளை, கேஜ் கையில் இருந்தது. வைத்துப் பார்த்தேன்: 26. திரையில் அந்த டயருக்கு வண்டி காட்டிக்கொண்டிருந்ததும் 26. உள்ளதை உள்ளபடி சொல்கிற சென்சாரை எதற்கு மாற்ற வேண்டும்?

இந்தச் சோதனையை மட்டும் மறக்காதீர்கள். கேஜும் திரையும் ஒரே எண்ணைச் சொன்னால் (ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம்) சென்சார் உயிரோடும் நேர்மையோடும் இருக்கிறது; குற்றவாளி வேறெங்கோ.

வீட்டுக்கு வந்து ஒரு கப்பில் சோப்புத் தண்ணீரைக் கரைத்தேன். நுரையைத் தவிர்த்துத் தண்ணீராக, கொஞ்சம் கொழகொழப்பாக இருக்க வேண்டும். டயரை 35 வரை நிரப்பிக்கொண்டேன். அழுத்தம் கூடினால் கசிவு சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். முதலில் வால்வு. மூடியைக் கழற்றி, வாயில் ஒரு சொட்டு விட்டேன். பத்து நொடி ஒன்றுமில்லை. பிறகு கடுகளவில் ஒரு குமிழ் மெல்ல உப்பி, உடைந்து, இன்னொன்று எழும்பியது. வால்வுக்குள் இருக்கும் பின் கால் சுற்று தளர்ந்திருந்தது. அதைத் திருகும் சின்னக் கருவியை வைத்துக் கால் சுற்று முறுக்கினேன். மறுபடி ஒரு சொட்டு. குமிழ் இல்லை. சோதனை முடிந்ததும் காற்றை ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டு வந்து மூடியைப் போட்டேன்.

உங்களுக்கு வால்வு வாயில் குமிழ் வரவில்லை என்றால் வால்வின் அடிப்பகுதியைப் பாருங்கள், ரிம்மிலிருந்து அது வெளியே வரும் இடத்தை. வால்வை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாக அசைத்துக்கொண்டே சோப்புத் தண்ணீரை விடுங்கள். ரப்பர் வால்வு என்றால் அடியில் வெடிப்பு விட்டிருக்கும். உலோக வால்வு என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து போயிருக்கும். அடுத்து, டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடம், இரண்டு பக்கமும், முழுச் சுற்றும். பழைய அலாய் ரிம்களில் அந்த இடத்தில் வெள்ளையாக அரிப்புப் பூத்து, டயர் சரியாக உட்கார விடாது. அங்கே வரிசையாகப் பொடிக் குமிழ்கள் வந்தால் டயரைக் கழற்றி ரிம்மைச் சுத்தம் செய்து மறுபடி ஏற்றுவதுதான் வழி. குழியில் பலமாக இறங்கிய சக்கரமாக இருந்தால் அலாயிலேயே தலைமுடி போல விரிசல் விட்டிருக்கலாம். அது உள்பக்கத்தில் இருக்கும். சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும்.

கடைசியாகத் தரையைத் தொடும் பரப்பு. பள்ளங்களுக்கு நடுவே புதைந்த சின்னத் திருகாணி சோப்புத் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். தரை தொடும் பகுதியில் ஓட்டை என்றால் பஞ்சர் போடலாம். டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டுப் போடுவதே நிலையான வேலை. பக்கச்சுவரிலோ, அதுவும் தரை தொடும் பரப்பும் சேரும் தோள்பட்டையிலோ ஓட்டை என்றால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒட்ட வேண்டாம், டயரை மாற்றுங்கள். இதில் ‘பார்த்துக்கலாம்’ என்ற பேச்சே கூடாது.

அவசரத்துக்கு உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் பற்றி ஒரு வார்த்தை. சென்சாரில் காற்றை உணர ஒரு சின்னத் துளை இருக்கும். சில திரவங்கள் அதை அடைத்துவிடும். ஊற்ற வேண்டி வந்தால் ஊற்றுங்கள், ஆனால் டயரைப் பிரிப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், அவர் முகத்தில் தெறிக்காமலும் இருக்கும்.

நான்கும் சரியான அளவில் இருக்கின்றன, விளக்கு மட்டும் அணையவில்லை

முதலில் வண்டியை ஓட்டிப் பாருங்கள். நேரடி முறைச் சென்சார்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க, வண்டி நிற்கும்போது அரைத்தூக்கத்தில் இருக்கும். சக்கரம் சுழன்றால்தான் ஒழுங்காகச் செய்தி அனுப்பும். பத்து இருபது நிமிடம் ஓடியபின் பல வண்டிகளில் தானாக அணையும்.

அப்படியும் போகவில்லையா? ஸ்டெப்னியைப் பாருங்கள். முழு அளவு ஸ்டெப்னி உள்ள சில வண்டிகளில் அதற்கும் ஒரு சென்சார் வைத்திருப்பார்கள். யாரும் தொடாமல் பின்னால் கிடந்து காற்று இறங்கி, அதுதான் விளக்கைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். நான்கு டயரையும் பத்து தடவை அளந்தவர்கள்கூட இந்த ஐந்தாவதை மறந்துவிடுவார்கள்.

மறைமுக முறை என்றால் இங்கேதான் ரீசெட் வருகிறது. அதற்குக் காற்றின் அளவே தெரியாது. ‘இப்போது இருப்பதுதான் சரியான நிலை’ என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான்கையும் குளிர்ந்த நிலையில் சரியாக நிரப்பி, திரையின் அமைப்புகளில் இருக்கும் தேர்வையோ ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பட்டனையோ கையேட்டில் சொன்னபடி அழுத்திப் பிடித்து, பிறகு சாதாரணமாகக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். கற்றுக்கொள்ள அதற்கு நேரம் வேண்டும். வரிசையை மாற்றி, காற்று குறைவாக இருக்கும்போதே ரீசெட் செய்தால் என்ன ஆகும்? அந்தக் குறைவையே சரியான அளவு என்று நம்பிவிடும். விளக்கு அணையும், அடுத்து உண்மையில் ஆபத்து வரும்போது தாமதமாகத்தான் எரியும். ரீசெட் பட்டன் மேல் எனக்கு உள்ள கோபமெல்லாம் இதனால்தான். அது கடைசியில் அழுத்த வேண்டியது. முதலில் கைபோவது அதன் மேல்.

இரண்டு புது டயர், இரண்டு தேய்ந்த டயர் என்று கலந்து போட்டிருந்தாலும் மறைமுக முறை குழம்பும். சுற்றளவு வேறுபடுகிறது அல்லவா. அதற்கும் மறுபடி ரீசெட்தான். டயர் விளக்கோடு ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் டயரை விட்டுவிடுங்கள், சக்கர வேக சென்சாரையோ அதன் ஒயரையோ பார்க்கச் சொல்லுங்கள். அது பிரேக் சம்பந்தப்பட்டது, தள்ளிப் போடாதீர்கள்.

ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் மினுக்கி, பிறகு நிலையாக எரிகிறது

இது வேறு பாஷை. நிலையாக எரிந்தால் டயரில் குறை. மினுக்கிவிட்டு நிலைத்தால் கண்காணிக்கும் அமைப்பிலேயே குறை. பெரும்பாலும் 60 முதல் 90 நொடி மினுக்கும், ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அதையே திரும்பச் செய்யும். காற்று குறைந்தால் சொல்ல முடியாத நிலையில் அது இருக்கிறது. எனவே இந்த விளக்கு இருக்கும் வரை கேஜ் ஒன்றே உங்களுக்குத் துணை.

வழக்கமான காரணம் சென்சார் பேட்டரி. சென்சாரோடு சேர்த்துப் பிசினால் மூடியிருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, முழு சென்சாரும் மாற வேண்டும். ஆயுள் 5 முதல் 10 ஆண்டு. சாகப்போகும் பேட்டரி குளிரில் முதலில் சோர்ந்து போகும். காலையில் மினுக்கி, மதியம் நல்ல பிள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். திரையில் மூன்று டயருக்கு எண்ணும் ஒன்றுக்குக் கோடும் காட்டினால் செத்தது எது என்று தெரிந்துவிடும். திரை இல்லாவிட்டால், வால்வுக்கு அருகில் பிடித்து சென்சாரை எழுப்பிப் பேச வைக்கும் கையடக்கக் கருவி டயர் வேலை செய்பவர்களிடம் இருக்கும். அதில் ஒவ்வொரு சென்சாரின் அடையாள எண்ணும் அழுத்தமும், பல சென்சார்களில் பேட்டரி நிலையும் தெரியும். அதை வைத்துப் பார்க்காமல் சென்சாரை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒன்று செத்தால் நான்கையும் மாற்ற வேண்டுமா? மூன்று நான்கு வயதில் ஒன்று மட்டும் போனால் அதை மட்டும் மாற்றுவேன். எட்டு வயதில் போனால் மற்ற மூன்றும் வரிசையில் நிற்கின்றன. அடுத்து டயர் மாற்றும்போது ஒரேயடியாக நான்கையும் மாற்றினால் டயரைக் கழற்றி ஏற்றும் வேலை நான்கு முறை ஆகாது. வாங்கும்போது அலைவரிசை பொருந்துகிறதா என்று கேளுங்கள். 315 மெகாஹெர்ட்ஸ், 433 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வகை உண்டு. ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காது.

மற்ற காரணங்கள்: சென்சார் இல்லாத தற்காலிக ஸ்டெப்னியை மாட்டியிருப்பது (பழைய சக்கரம் திரும்பி வந்ததும் சரியாகும்), பழைய சென்சார்களை எடுத்துப் பொருத்தாமல் வெறும் வால்வைப் போட்டு புது அலாய் சக்கரங்களை மாட்டியிருப்பது, டயரைக் கழற்றும்போது கம்பி பட்டு சென்சார் உடைவது. எப்போதாவது மட்டும் மினுக்கினால், புதிதாக எதைச் செருகினீர்கள் என்று யோசியுங்கள். மட்டமான போன் சார்ஜர், டேஷ் கேமரா, பின்னால் சேர்த்த எல்இடி விளக்கு இவை ரேடியோ இரைச்சல் கிளப்பி சென்சாரின் மெல்லிய குரலை அமுக்கிவிடும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

டயர் மாற்றியதற்கு அல்லது இடம் மாற்றியதற்குப் பிறகு

முன் டயரைப் பின்னால் போட்டால் வண்டிக்கு அது தெரியாமல் போகலாம். வலது பின்னால் காற்று இறங்கும்போது இடது முன்னால் என்று சொல்லும். சில வண்டிகள் ஓட ஓடத் தானே கற்றுக்கொள்ளும், சிலவற்றில் ஒவ்வொரு சக்கரமாகக் கருவியை வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும், சிலவற்றில் ஸ்கேனர் மூலம் எழுத வேண்டும். வேலை முடிந்ததும் அங்கேயே ஒரு சக்கரத்தில் ஐந்து பிஎஸ்ஐ இறக்கி, கொஞ்சம் ஓட்டித் திரையில் அதே சக்கரத்தின் எண் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

உலோக வால்வுக்குப் பிளாஸ்டிக் மூடியே நல்லது. பளபளப்பாக இருக்கிறதே என்று உலோக மூடி போட்டேன் ஒருமுறை. ஈரத்தில் இரண்டு உலோகமும் பிடித்துக்கொண்டு, கழற்றப் போனால் வால்வே முறிந்து கையோடு வந்துவிட்டது. அதே காரணத்தால் அலுமினிய வால்வுக்குள் சாதாரணப் பித்தளைப் பின்னைப் போடக் கூடாது, நிக்கல் பூசியதுதான் போட வேண்டும். டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சென்சார் வால்வின் ரப்பர் வளையம், நட்டு, பின், மூடி நான்கையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள்.

காற்று குறைவு என்று தெரிகிறது, ஆனால் விளக்கு எரியவே இல்லை

30 இருக்க வேண்டிய இடத்தில் 26 இருந்தாலும் பல வண்டிகள் வாயைத் திறக்காது, எல்லைக்கோடு இன்னும் கீழே இருக்கிறது. மறைமுக முறையில் நான்கும் ஒன்றாக, மெதுவாக இறங்கினால் ஒப்பிட ஆள் இல்லாமல் பழைய அமைப்புகள் ஏமாந்துவிடும். விளக்கு எரியாததை நம்பி மாதக்கணக்கில் அளக்காமல் இருக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

விளக்கே கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. சாவியைத் திருப்பியதும் மற்ற விளக்குகளோடு இந்த லாடக் குறியும் ஓரிரு நொடி எரிந்து அணைய வேண்டும். பழைய வண்டி வாங்கப் போனால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் அந்த நொடியைத் தவறவிடாமல் பாருங்கள். குறி வரவே இல்லை என்றால், மீட்டரில் கோளாறு, இல்லையென்றால் நான்கு சென்சாரும் செத்ததை மறைக்க யாரோ விளக்கின் வாயைக் கட்டியிருக்கிறார்கள். விலை பேசும் முன் அதைக் கேளுங்கள்.